அத்தை ஓட்டிய வண்டி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஸ்கூட்டர் ஓட்டியது அத்தைதான். சிட்லபாக்கத்திலிருந்து அவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகும்போது, மாமா டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். வழியில் ரயில்வே ஸ்டேஷனில் அவரை இறக்கிவிடுவாள். மாமாவுக்குச் சைக்கிளே சரியாக வராது.

பிறகு அத்தைக்கு விழித்திரையில் நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது. அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதற்காக மாமா நரைத்த தலையோடு போய் லைசென்ஸ் எடுத்தார். அவர் வண்டியைக் கண்டால் ஆட்டோக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள், மரியாதையால் அல்ல.

ஒரு பரீட்சை லீவில் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை திடீரென்று, "எனக்கு ஒரே ஒரு தடவ வண்டி ஓட்டணும்ங்க" என்றாள்.

மாமா சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எங்க ஓட்டலாம்னு பாக்கறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் படப்பைக்கு அப்பால் ஒரு லேஅவுட்டுக்குப் போனோம். மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். ஒரு வீடும் எழும்பவில்லை. நேரான தார் ரோடு. மாமா அதை முழுக்க நடந்து, கிடந்த கற்களையெல்லாம் காலால் ஓரம் தள்ளினார். என்னை மறுமுனையில், ஒரு மணல்மேட்டின் மேல் நிற்க வைத்தார்.

அத்தை முன்னால் ஏறினாள். மாமா பின்னால் உட்கார்ந்து அவள் தோள்களில் கை வைத்தார்.

"எந்தத் தோள அழுத்தறேனோ அந்தப் பக்கம் திருப்பு. ரெண்டையும் அழுத்தினா நிறுத்திடு" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"கத்தாதீங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று அத்தையும் பதிலுக்குக் கத்தினாள்.

வண்டி முதலில் ஆடியது. அத்தை காலால் தரையை உரசினாள். பிறகு நிமிர்ந்தது. துப்பட்டா பறக்க, முகத்தைச் சற்றே உயர்த்தி, என்னை நோக்கி நேராக வந்தாள். மாமாவின் கையில் அந்த வண்டி ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. பாதி வழியில் புதரிலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. நான் கத்துவதற்குள் வண்டி அழகாக இடப்பக்கம் வளைந்து, மறுபடி நேரானது. மாமாவின் விரல் அழுத்தியது என் கண்ணில் படவே இல்லை. அத்தை வளைத்ததைத்தான் பார்த்தேன்.

என் அருகே வந்து எஞ்சினை அணைத்தாள்.

"குறுக்க வந்தது என்ன?"

"நாய், அத்தை."

"அடிபடலயே?"

"இல்ல."

"அப்ப சரி" என்றவள் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா இறங்கி, பக்கத்திலிருந்த மனைக்கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். அத்தை வண்டியைப் பிடித்தபடி, அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்தாள்.

ஒன்றும் பார்க்காமல் ஓட்டிய அத்தையே இவ்வளவு நிதானமாக நிற்கும்போது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்த மாமாவுக்கு அப்படியென்ன பயம் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.