ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு அட்டை

செவ்வாய்க்கிழமை காலை வாகனச் சோதனை நிலையத்திலிருந்து என் மனைவி ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினாள். அதில் ஒரே ஒரு வரிக்கு எதிரே குறி போட்டிருந்தது: எஞ்சினில் எண்ணெய்க் கசிவு. அடுத்த செவ்வாய்க்குள் சரிசெய்து மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும். ஸ்கூட்டரின் சாலை வரி அந்த வாரத்தோடு முடிகிறது. சோதனையில் தேறாமல் அதைப் புதுப்பிக்க முடியாது.

அவள் சிறுநீரகச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) நிலையத்தில் தாதி. ஐந்து ஆண்டுகள் மாலை முறையில் வேலை பார்த்தாள். நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டு ஆறரைக்குத் திரும்பினால் வீடு பூட்டியிருக்கும். அவள் வந்து சேரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். எங்கள் குடித்தனம் பெரும்பாலும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுத் தாள்களில் நடந்தது. 'ரசம் இருக்கு, சுட வச்சுக்குங்க.' 'குழாய் ரிப்பேர்காரர் வெள்ளிக்கிழமை வர்றார்.' கேட்டுக் கேட்டு இந்த ஜனவரியில்தான் அவளுக்குக் காலை முறை கிடைத்தது. காலை ஐந்தரைக்கெல்லாம் அங்கே போய் இயந்திரங்களைத் தயார் செய்ய வேண்டும். பாசிர் ரிஸ்ஸிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஸ்கூட்டர் இல்லையென்றால் காலை முறை இல்லை. மறுபடியும் துண்டுத் தாள்கள்தான்.

எங்களுக்குப் பழக்கமான பட்டறையில் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதனால் நானே இறங்கினேன்.

ஸ்கூட்டருக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். காலை முறை தொடங்கிய வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழே வாகன நிறுத்துமிடத்துக்குப் போய், ஓடிய தூரம், டயர்க் காற்று, எண்ணெய் அளவு, அந்த வாரம் மழையில் நனைந்த நாட்கள் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதுவேன். எண்ணெய் குறைந்திருந்தால் கொஞ்சம் ஊற்றி, ஊற்றியதையும் குறித்துவைப்பேன். இந்த ஊரில் நான் ரயிலில் படித்து முடித்த புத்தகங்களுக்கும் இதுபோல ஒரு நோட்டு உண்டு. எழுதி வைத்தால்தான் எதுவும் என் கைக்குள் இருப்பதாகத் தோன்றும்.

புதன்கிழமை மாலை எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை வைத்தேன். வியாழன் காலை அதில் ஒரு சுண்டைக்காய் அளவுக்குக் கறை. பேனாவால் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். வெள்ளி காலை பக்கத்திலேயே இன்னொன்று. இணையத்தில் படித்த கட்டுரைகள் எல்லாம் முதலில் எஞ்சின் தலைமூடியின் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லின. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பர் வளையம் நாளாக நாளாக இறுகி, எண்ணெயை விட்டுவிடுமாம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சந்தில் ஒரு உதிரிபாகக் கடை. கடைக்கார பாய்க்கு நாகூர்ப் பக்கம்; தாத்தா காலத்திலிருந்தே இங்கே கடை. நான் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என்னண்ணே இது?"

"கசிவு. வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாடல் சொன்னா கேஸ்கெட் எடுத்துத் தரப் போறேன். நீங்க கறைக்கு ஜாதகமே எழுதிக் கொண்டாந்திருக்கீங்க!" பக்கத்தில் சங்கிலி வாங்க நின்றவரும் சிரித்தார். "எண்ணெய்லாம் எவ்ளோ ஊத்துறீங்க?"

"குறைஞ்சா ஊத்துவேன்."

"அப்ப சரிலா," என்று சொல்லி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார்.

சனிக்கிழமை காலை தரையில் தமிழ் நாளிதழ்களைத் தடிமனாக விரித்து உட்கார்ந்தேன். என் மனைவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருக்கைக்கு அடியிலிருக்கும் பெட்டியைக் கழற்றினால் மூடி தெரியும். நாலு போல்ட். பழைய கேஸ்கெட் கையில் எடுத்ததும் முறிந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. குற்றவாளி அகப்பட்டான் என்று நினைத்தேன். சுரண்டி, துடைத்து, புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக இறுக்கினேன். வழக்கம்போல அளவு பார்த்தேன். குறைவாக இருந்தது. ஊற்றினேன். எழுதினேன். அவள் காத்தோங் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு அடியில் புது அட்டை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அட்டையில் கறை இருந்தது. வியாழக்கிழமையதைவிடப் பெரியது.

அவள் குனிந்து பார்த்தாள். "பரவால்லங்க. நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட பேசுறேன். பழைய ஈவ்னிங் ஷிஃப்டுக்கே மாத்திக்கிறேன். பழகினதுதானே," என்றாள். அந்தப் 'பழகினதுதானே' எனக்குத் தாங்கவில்லை. கறையைச் சுற்றிக் கோடு போடப் பேனாவை எடுத்தவன், போடாமல் வைத்துவிட்டேன்.

அவள் என் பக்கத்தில் நாளிதழ்மேல் உட்கார்ந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் எடுத்திருப்பாள். ஆனால் இரண்டு பக்கம் தாண்டியதும் அவள் முகம் மாறியது. வேலையில் நோயாளிகளின் குறிப்பேட்டைப் பார்க்கும்போது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"எல்லா சனிக்கிழமையும் ஊத்தியிருக்கீங்க."

"எல்லா சனிக்கிழமையும் குறைஞ்சிருந்துச்சு."

"உள்ள போன கணக்கு இருக்கு. வெளிய வந்தது எவ்ளோ? அட்டையில உள்ளதைச் சேர்த்தா ஒரு ஸ்பூன் வராது. மிச்சம் எங்க போச்சு?"

"எரிஞ்சிருக்கும்."

"புகையே வரலையே. எங்ககிட்ட ஒரு பேஷன்ட் வந்தா முதல்ல வெயிட்தான் பார்ப்போம். செவுத்துல சாஞ்சுக்கிட்டு வெயிட் மெஷின்ல நின்னா விடமாட்டோம், நேரா நில்லுங்கன்னு சொல்லுவோம். நீங்க இதை எப்படி நிறுத்திப் பார்த்தீங்க?"

நான் ஸ்கூட்டரைப் பார்த்தேன். எங்கள் இடம் தூணை ஒட்டியது. நடு ஸ்டாண்டில் ஏற்ற அங்கே தோதுப்படாது என்று எப்போதும் பக்க ஸ்டாண்டில்தான் சாய்த்து நிறுத்துவோம். சாய்ந்தபடியேதான் ஜனவரியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அளவு பார்த்திருக்கிறேன். எண்ணெய் அந்தப் பக்கமாக ஒதுங்கிப்போயிருக்கும். இந்தப் பக்கம் அளவுக் குச்சியில் குறைவாகத்தானே தெரியும்?

இருவருமாகத் தூணிலிருந்து நகர்த்தி, மூச்சுப் பிடித்து நடு ஸ்டாண்டில் ஏற்றினோம். குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி விரற்கடை தூரம் ஏறியிருந்தது.

"ஓவர்லோட்லா இது!" என்றாள். "நாங்க சொல்லச் சொல்லக் கேக்காம பேஷன்ட்டுங்க தண்ணியக் குடிச்சிட்டு வருவாங்களே, அந்த மாதிரி. கால் வீங்கும், மூச்சு வாங்கும். உங்க ஸ்கூட்டரு பாவம், அழுதிருக்கு."

சொட்டியது எந்த வழியாக என்று பார்க்கக் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் எண்ணெய் குளமாக நின்றது. அதிகப்படியானது அங்கே ஏறி, கீழே இருக்கும் சின்னக் குழாய் வழியாகச் சொட்டியிருக்கிறது. பழைய கேஸ்கெட் ஒரு பாவமும் செய்யவில்லை.

வடிகால் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி மைலோ டின்னில் இறக்கினோம். "போதும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க, நிறுத்துங்க!" அவள் சொல்லச் சொல்ல நான் இறுக்கினேன். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நின்றது. வடிகட்டிப் பெட்டியைத் துடைத்து, பாய் கடைக்குப் போய் வாங்கிவந்த புது வடிகட்டியை உள்ளே போட்டேன். திங்கட்கிழமை காலை அட்டை வெறும் அட்டையாக இருந்தது. அவள் சூப்பர்வைசரிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை சோதனை நிலையத்துக்கு நானும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். சோதகர் குனிந்து, டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்தார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். சுத்தமாக இருந்தது. "ஓகே, கேன்," என்று தேறியதாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

மறுநாள் ஆறரைக்கு நான் வீடு வந்தபோது கதவு திறந்திருந்தது. சமையலறையில் ரசம் கொதிக்கும் வாசனை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. மறுபடியும் துண்டுத் தாளா? கிட்டே போய்ப் படித்தேன். 'நேரா நிக்க வச்சுப் பார்க்காம ஊத்தக் கூடாது.'

"இதை எழுதி ஒட்டணுமா? நீதான் வீட்டுல இருக்கியே, நேர்ல சொல்லலாமே," என்றேன்.

"நேர்ல சொன்னா உங்க நோட்டுல ஏறாதே!" என்றாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

தாளைப் பிய்த்து, நோட்டில் அடுத்து வரும் சனிக்கிழமைக்கான கட்டத்தில் ஒட்டிவிட்டு, தட்டு எடுக்கப் போனேன்.