நாற்பத்தெட்டு எலிகள்

கல்லூரியில் எல்லாரும் அவரை எலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக ஆய்வுக்கூடத்தின் பின்பக்கத்து அறையில் வெள்ளெலி வளர்க்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கூண்டுகளுக்கு மரத்தூள் மாற்றுவார். தண்ணீர் பாட்டில்களைக் கழுவுவார். காலையில் ஒவ்வொரு கூண்டாக எண்ணி, இருப்பது இத்தனை, செத்தது இத்தனை என்று பதிவேட்டில் எழுதுவார். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "குளிச்சிட்டு வந்து பேசுங்க" என்பாள். அந்த வாடை அவர் மூக்குக்குத் தெரியாமல் போய் வெகுநாளாகிவிட்டது.

ஒருநாள் ஆய்வக உதவியாளர் பெண் ஓடிவந்தாள்.

"அண்ணே, நம்ம பேராசிரியர் கட்டுரை பெரிய ஆய்விதழ்ல வந்திருக்கு. கடைசியில உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லியிருக்காங்க!"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரையை அச்செடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் தட்டச்சு செய்கிறவள்; இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. நன்றி வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம், "மேல என்னதான் எழுதியிருக்கார், படியேன்" என்றார்.

"சிறுநீரகத்துக்குப் புது மருந்தாம். நூத்தியிருபது எலிக்குக் கொடுத்தாங்களாம். ஒண்ணுகூடச் சாகலையாம்."

"எத்தனை?"

"நூத்தியிருபது."

"தப்பாப் படிக்கிற. நாப்பத்தெட்டு."

அவள் விரல் வைத்துக் காட்டினாள். எண்ணைப் படிக்க இங்கிலீஷ் எதற்கு? நூற்றிருபதேதான்.

அந்தச் சோதனைக்கு அவர் எண்ணிக் கொடுத்தது நாற்பத்தெட்டு எலி. முதல் வாரத்திலேயே பதினொன்று செத்தன. ஒவ்வொன்றையும் தன் கையால் எடுத்துப் பையில் போட்டுக் கட்டியவர் அவர்.

மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போனார். பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது புள்ளியியல் சமாச்சாரம். உங்களுக்குப் புரியாது."

"எண்ணுறது எனக்குப் புரியும் சார்."

பேராசிரியர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

அன்றைக்கே மனைவியைத் தட்டச்சு செய்யச் சொல்லி ஆய்விதழின் ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். மூன்று மாதம் கிணற்றில் போட்ட கல். பிறகு ஒரு பதில் வந்தது: நன்றி, உங்கள் கல்லூரியையே விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். கல்லூரி ஒரு குழு போட்டது. குழுவின் தலைவர், பேராசிரியரோடு சேர்ந்து ஏழு கட்டுரை எழுதியவர். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஆனால் குழு அவரை மரியாதையாக உட்கார வைத்தது. டீ கொடுத்தது. "பதிவேட்டைக் கொடுங்க, பாத்துட்டுத் தர்றோம்" என்றது. கொடுத்துவிட்டு வந்தார்.

"உட்கார வெச்சு டீ வேற கொடுத்தாங்களா?" என்றாள் மனைவி. "எலி அம்மணமா ஓடினா சும்மா ஓடாதுங்க. நகல் எடுத்தீங்களா?"

"பதிவேடு கல்லூரியோடதுடி. எங்க போயிடப் போகுது?"

போய்விட்டது. கேட்கப் போனால், தலைவர் மேஜையில் இருக்கிறது என்றார்கள்; அடுத்த மாதம், அலமாரியில் இருக்கிறது என்றார்கள்; அதற்கடுத்த மாதம், "எந்தப் பதிவேடு?" என்றார்கள். படியேறி இறங்கியே அவர் முழங்கால் தேய்ந்தது.

எட்டாம் மாதம் ஆய்விதழிலிருந்து முடிவு வந்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. கட்டுரையில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் வெளியாகும்: எலிப் பராமரிப்பாளரின் பெயர் அவருடைய அனுமதியின்றி நன்றியுரையில் சேர்க்கப்பட்டதால் நீக்கப்படுகிறது.

"தப்பை எடுக்கச் சொன்னா என்னை எடுத்துட்டாங்க!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மனைவி ஜன்னலைச் சாத்தினாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தத் திருத்தத்தை ஒரே ஒருத்தி கவனித்துப் படித்தாள். வேறு ஊரில் ஆராய்ச்சி செய்கிற பெண். எலி வளர்ப்பவர் பெயரை ஏன் எடுத்தார்கள் என்று யோசித்து, கல்லூரி எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ரெண்டு வருஷமா அதே மருந்தைக் கொடுத்துப் பாக்குறேன். எலிங்க செத்துக்கிட்டே இருக்கு. உங்ககிட்ட எத்தனை செத்துச்சு?"

"முதல் வாரத்துல பதினொண்ணு."

"எனக்கும் முதல் வாரத்துலதான். எனக்கு ஊசி போடத் தெரியலைன்னு எங்க சார் திட்டிக்கிட்டே இருக்கார். மருந்து சரியில்லைன்னு கட்டுரை எழுதினேன்; மூணு இதழ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தப் பதிவேடு இருக்கா?"

"இருந்துச்சு."

"எழுத்துல இல்லாம நான் எதைக் காட்டுவேன்?"

அந்தப் பெண் அழுதாளா, சளி பிடித்திருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. தன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஒரு நடை போயிருந்தால்!

இப்போது அவர் கார்பன் தாள் வைத்து எழுதுகிறார். ஒரு பிரதி வீட்டுக்கு வருகிறது. எலி செத்த அன்றே, அதற்கு மருந்து கொடுத்த ஆராய்ச்சிக்காரர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். சிலர் போடுகிறார்கள். சிலர், "இது என்னண்ணே புதுப் பழக்கம்?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். பேராசிரியருக்கு அனுப்பிய தாள் இரண்டு முறையும் கையெழுத்தில்லாமலே திரும்பியது. அவருடைய கட்டுரையை இதுவரை நாற்பது பேர் மேற்கோள் காட்டியிருப்பதாக உதவியாளர் பெண் சொன்னாள்.

முடிவு வந்த பிறகு ஆய்விதழுக்குப் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை; போன வாரம் நான்காவது கடிதத்துக்கு உட்கார்ந்தார்கள்.

"புதுசா என்ன எழுதறது?" என்றாள் மனைவி.

"புதுசா ஒண்ணும் வேண்டாம். அதையே எழுது. அந்தப் பொண்ணுகிட்டயும் அப்படியே செத்துச்சுன்னு சேர்த்துக்க. அதுகிட்டக் கேட்டுட்டேன், சரின்னுடுச்சு."

அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தார்.