டொக்டருக்கும் லெட்சுமியம்மாவுக்கும் நடுவில்

பிறத்தியார் வலியைத் தன் வாயால் சொல்லிச் சம்பளம் வாங்குவது லேசான வேலை இல்லை. எழுபதுகளின் கடைசியில் இலங்கையின் பதுளையில் ஒரு கிளினிக்கில் அட்டெண்டனாக இருந்தேன். டொக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும். வருகிற தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குத் தமிழ். டொக்டர் ஒரு வரி கேட்பார், இவர்கள் குடும்பக் கதையையே சொல்வார்கள், அதை நான் மறுபடி ஒரு வரியாகச் சுருக்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேசி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

கோபம்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து லெட்சுமியம்மா தன் வீட்டுக்காரர் முத்தையாவைக் கூட்டி வந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு வருஷமாக வலது தோள் இறுகிக் கிடந்தது. வாதம் என்று எண்ணெய் தேய்த்துப் பார்த்திருந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று டொக்டர் கேட்டதைத் தமிழில் கேட்டேன். லெட்சுமியம்மா தோள் பக்கமே போகவில்லை. "மகளையும் மருமகனையும் இந்தியாவுக்குப் போகச் சொன்னது நாந்தாங்க. அவுங்க கப்பலேறிப் போனதுலேருந்து இவரு மூஞ்சியில சிரிப்பே இல்ல. கேட்டா பதிலும் இல்ல" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

டொக்டர் முத்தையாவின் மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் சேர்த்துத் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட அசைவு சிறுத்துக்கொண்டே போய் நின்றது. கை நடுங்கவே இல்லை. அப்படியும் டொக்டர் பார்கின்சன் நோய் என்றார். முகத்துத் தசையும் இறுகிவிடும், மனதில் இருப்பது முகத்தில் தெரியாது என்று விளக்கினார். நான் சொல்லி முடித்ததும் லெட்சுமியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோவத்துக்குக்கூட ஆஸ்பத்திரியில ஒரு பேரு வச்சிருக்கீங்களா தம்பி?"

கேட்கக் கூசிய கேள்வி

மலம் ஒழுங்காகப் போகிறதா என்று டொக்டர் கேட்டார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். லெட்சுமியம்மா வாசல்வரை கேட்கிறமாதிரி பதில் சொன்னார். மலச்சிக்கல் பல வருஷத்துத் தொல்லையாம். கருவாடு சுட்டால்கூட இவருக்கு வாசம் தெரிவதில்லையாம்.

தூக்கம் எப்படி என்றதும்தான் அழுகை நின்று ஆத்திரம் வந்தது. தூக்கத்தில் கத்துகிறார், கையைக் காலை வீசுகிறார் என்றார். அதுவும் இந்த நோயோடு சேர்ந்ததாக இருக்கலாம் என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு டொக்டரே பேனாவை வைத்துவிட்டு, "என்ன சொல்கிறார்?" என்றார். எப்படி ஒரு வரியாகச் சுருக்குவேன்?

"பகல்ல ஒரு எட்டு வைக்க அவ்ளோ நேரமாகுது, ராத்திரி என்னைய ஒதைக்கிறதுக்கு மட்டும் காலு நல்லா வேலை செய்யிதுங்க!"

துணிக்கடை முதலாளி

அடுத்த மாதம் முத்தையா பக்கத்தில் பண்டாரவளைத் துணிக்கடை முதலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த அவர் வலது கை, தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல ஓயாமல் ஆடியது. தொப்பியை எடுக்கக் கையைத் தூக்கினால் நடுக்கம் நின்றுவிடும். இருவருக்கும் ஒரே நோய் என்றதை லெட்சுமியம்மா நம்பவில்லை. ஆடுகிற கைக்கும் ஆடாத கைக்கும் எப்படி ஒரே மருந்து என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். முதலாளிதான் சிரித்துக்கொண்டு சமாதானம் செய்தார்.

"துணி அளந்தா நடுங்காதும்மா, சும்மா இருந்தாத்தான் நடுங்குது. கடைய மூடாதேன்னு அல்லாஹ் சொல்றான் போல!"

வாசல்

ஒருநாள் முத்தையா அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டமாதிரி. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, நான் கையைப் பிடித்து இழுத்தேன். குப்புற விழப் பார்த்தார். லெட்சுமியம்மா என்னை விலக்கிவிட்டு, தன் குடையை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டார். முத்தையா அதைத் தாண்டிச் சாதாரணமாக உள்ளே போனார். லயத்து வீட்டுக்கு முன்னாலிருக்கும் சாக்கடைக் கானை மட்டும் அவர் நிற்காமல் தாண்டுவதைப் பார்த்துக் கண்டுபிடித்த வழியாம்.

"தோட்டத்துக் காலுங்க. வெறுந்தரைதான் அதுக்குப் புதுசு."

காதோடு

அன்றைக்கு உள்ளே, இப்போது எப்படியிருக்கிறது என்று டொக்டர் கேட்டார். முத்தையாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "பாத்தீங்களா, இப்படித்தான்" என்று லெட்சுமியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து முத்தையாவின் வாயருகே காதை வைத்தேன். மூச்சுக்காற்றுபோல ஒரு குரல், நிறுத்தி நிறுத்திப் பேசியது. டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னேன். பிறகு லெட்சுமியம்மா பக்கம் திரும்பி, அதையே உரக்கச் சொன்னேன்: "அவ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், அவளுக்குக் கேக்கல. மக போனதுல எனக்குக் கோவமில்ல. புள்ள அங்கயாவது நல்லா இருக்கட்டும்னு நானுந்தான் நெனச்சேன்."

லெட்சுமியம்மா முத்தையா பக்கம் திரும்பினார். வாயோரம் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டார். "அப்ப ஒருதரம் சிரிங்க பாப்போம்" என்றார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நான் மறுபடி குனிந்தேன்.

"அப்பவே சிரிச்சாச்சுன்னு சொல்லு தம்பி."

அத்தனை வருஷம் மூன்று மொழியில் தொண்டை வறளக் கத்தியதில், நான் உருப்படியாகச் செய்த மொழிபெயர்ப்பு என்னவோ தமிழிலிருந்து தமிழுக்குத்தான்.