சாந்தம்மாள் கேட்ட வரம்

சாந்தம்மாள் யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. புதூர்நாட்டுக்கு மேலே, ஜீப்பும் ஏறாத ஒரு சிற்றூரில் சாமையும் புளியும் அவளுக்குச் சோறு போட்டன. மகள் அம்மாக்கண்ணு எங்கள் பள்ளி விடுதியில் தங்கி ஐந்தாவது படித்தாள். பார்க்க வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்பாள். உள்ளே வரச் சொன்னால் காலில் சேறு என்பாள். சேறே இல்லாத கோடையிலும் அதையேதான் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு முறை வாய்விட்டு ஒன்றைக் கேட்டாள். கேட்க வைத்தவள் நான். கொடுத்தாயிற்று என்று சொல்ல வைத்தவளும் நானே.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. திருப்பத்தூரிலிருந்து வந்த இந்த ஜோசபின் டீச்சருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்ற நினைப்பு. 1979 மாசியில் ஆண்டு விழா. பேச்சு, கோலாட்டம், சோப்பு டப்பா பரிசு என்ற பழைய கதை வேண்டாம் என்று சண்டை பிடித்து, 'தேவதைகளின் ஆட்ட விருந்து' என்று ஒரு நாடகத்தை நடத்த அனுமதி வாங்கினேன். ஒரு படப் புத்தகத்தில் பார்த்ததுதான். திடலைச் சுற்றி மூங்கிலும் தழையும் நட்டு அதற்குத் 'தேவதைக் காடு' என்று பேர் வைத்தோம். வருகிறவர்களும் வேடம் போட்டால்தான் உள்ளே விடுவோம். ஆண்களுக்கு அட்டைக் கொம்பு, பெண்களுக்கு இலைக் கிரீடம். கதையில் ஒரு ராஜகுமாரன் வழி தவறுவான். அவன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கூட்டம்தான் சொல்ல வேண்டும். நடுவில் தேவதைகள் கூட்டத்துக்குள் புகுந்து ஆளுக்கொரு வரம் கேட்கச் சொல்வார்கள். யார் என்ன கேட்டாலும் "தந்தோம்" என்று சொல்லி மணி அடிக்க வேண்டும். அந்த வசனம் நான் எழுதியது.

பழைய கொசுவலையைக் கிழித்து, ஜிகினா ஒட்டிச் சிறகு செய்தேன். பவுடர் போதவில்லை என்று பெண்களின் முகத்துக்கு மஞ்சள் பூசினேன். தலை நிறையக் காட்டுப் பூ. ஏழு பேர் வரிசையாக நின்றால் அழகாக இருக்கும் என்று ஏழு பேரை எடுத்தேன். அம்மாக்கண்ணு அதில் ஒருத்தி. மலைக்காரர்களுக்கு ஓடைக்கரையில் ஏழு கன்னிமார் உண்டு என்பதும், மஞ்சள் பூசி அந்தக் கோலம் கட்டிய பெண் குளித்துக் கலைக்கும்வரை யாருக்கும் மகள் இல்லை, கன்னியேதான் என்பதும், இரண்டு வருஷம் அங்கே சோறு தின்ற எனக்குத் தெரியாது. சமையற்கார மணியம்மாளைக் கேட்டிருந்தால் அடுப்படியிலேயே சொல்லியிருப்பாள். நான் கேட்டால்தானே!

விழா அன்று சாயங்காலம் முதலில் ஒரே சிரிப்பு. அட்டைக் கொம்போடு வந்த ஊர்ப் பெரியவர் ரங்கன் ராஜகுமாரனுக்கு வழி சொல்லித் தொண்டை கட்டிப்போனார். ஏழு பேரும் வெளியே வந்ததும் கூட்டம் சட்டென்று அடங்கியது. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் ஏற்பாட்டில் அசந்துபோய்விட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாக்கண்ணு தன் அம்மாவின் முன்னால் போய் நின்று, "என்ன வரம் வேண்டும்?" என்றாள்.

சாந்தம்மாள் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தாயே, எங்க வூட்டுக்காரரு போயி ரெண்டு வருசம் ஆவுது. உசுரோட வூடு வந்து சேரணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

கிணறு வெட்டப் போன அவள் புருஷன் கோவிந்தனிடமிருந்து ஒரு தகவலும் இல்லாத நேரம் அது. அம்மாக்கண்ணு தட்டி மறைவில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதற்குமா என்று கேட்கிற பார்வை. கதை நின்றுவிடுமே என்று எனக்குக் கோபம். சொல்லு என்று கையை ஆட்டினேன்.

"தந்தோம்" என்று மணியை அடித்தாள். சாந்தம்மாள் மகளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். கீழேயிருந்து வந்த விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

மறுவாரம் வீட்டுக்குப் போய்விட்டு வந்த அம்மாக்கண்ணு நேராக என்னிடம் வந்தாள். "எங்க மாமா ஓசூருக்குப் போவல டீச்சர்" என்றாள். கோவிந்தனை ஓசூர்ப் பக்கம் உடம்பு சரியில்லாமல் பார்த்ததாக யாரோ செங்கம் சந்தையில் சொல்லியிருக்கிறார்கள். சாந்தம்மாளின் தம்பி தசரதன் விழா முடிந்த திங்கட்கிழமை கிளம்பக் கட்டுச்சோறும் கட்டியாயிற்று. அக்காக்காரி வாசலில் மறித்துவிட்டாள். கன்னி வாக்குக் கொடுத்த பிறகு தேடிப் போனால் வாக்கை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம்.

"நீங்க வந்து சொல்லுங்க டீச்சர். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. அன்னிக்குச் சொன்னது நானே இல்லியாம்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன்.

அந்த ஞாயிறு தேவதைக் காட்டைப் பாராட்டித் திருப்பத்தூரில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அடுத்த ஞாயிறு பரீட்சைத் தாள். அதற்கடுத்தது வெயில், எட்டு மைல் நடை. எல்லாம் நொண்டிச் சாக்கு. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து, அது விளையாட்டு, பொய் சொல்லக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் உண்மை.

வைகாசியில் செய்தி வந்தது. கோவிந்தன் ஒரு மாதத்துக்கு மேல் ஓசூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்து, சித்திரைக் கடைசியில் செத்துப்போனான். அந்தத் திங்கட்கிழமையே தசரதன் போயிருந்தால் உயிரோடு பார்த்திருக்கலாம்.

பள்ளி திறந்தும் அம்மாக்கண்ணு வரவில்லை. அவளுடைய தகரப் பெட்டியைத் தசரதன் வந்து எடுத்துப் போனான். அப்போதாவது போயிருக்கலாம். மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

எட்டு வருஷம் கழித்துச் செங்கம் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்றதும் தெரிந்தது. அம்மாவின் குரல் அப்படியே.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"போன ஐப்பசில செத்துட்டாங்க."

"எம்மேல கோவமா இருந்தாங்களா?" என்றேன். அப்போதும் என் கவலைதான் எனக்கு.

"உங்க மேல இன்னாத்துக்குக் கோவம்? கன்னி வாக்கு பொய்யாவாது, நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டுக் கோலம் கட்டிட்டேன்னு நெனச்சாங்க. டீச்சர் சொல்லித்தான் சொன்னேன்னு எத்தினியோ தபா சொன்னேன். தப்ப மறைக்கப் பொய் சொல்றேன்னுட்டாங்க. சாவற வரிக்கும் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கல."

அவள் புளியை நிறுத்து, கொசுறாக ஒரு பிடியும் போட்டுப் பையை என் கையில் கொடுத்தாள்.

"அந்த லீவு பூராவும் ஞாயித்துக்கெழம ஆனா ஓடக்கர வரிக்கும் வந்து நின்னுகினு இருந்தேன் டீச்சர்" என்றாள்.