மார்த்தாவுக்கு வந்த கசெற்

போன ஞாயிறு கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது ஹம்பேர்க்கிலிருந்து பேத்தியின் குரல்பதிவு ஒன்று கைபேசியில் வந்து விழுந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல், ஜேர்மன் மொழியில், மூச்சு விடாமல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதை மகளுக்கு அனுப்பிவிட்டுப் போன் எடுத்து, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"அம்மப்பாவிலை நல்ல விருப்பமாம்."

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா? யோசித்து நின்றதில் கத்தரிக்காய் கருகிவிட்டது. அந்த மணத்தோடு மார்த்தா வந்துவிட்டாள்.

தொண்ணூறுகளில் பலெர்மோவில், லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா, வயதான சீமாட்டி, வீட்டில் எனக்குச் சமையலும் துடைப்பும். படுக்கையில் கிடந்த சிஞ்ஞோராவைப் பராமரிக்க வந்தவள் மார்த்தா, எக்குவடோர்க்காரி. வாசல் காவல்காரருக்கு நாங்கள் இருவரும் பிலிப்பினோக்கள்; வீட்டுவேலைக்கு வந்த வெளிநாட்டார் எல்லாருக்கும் அங்கே அதுதான் பெயர். எந்தக் குறிச்சி, ஆருடைய ஆள் என்று விசாரித்துவிட்டுத்தான் தண்ணீரே குடிக்கும் ஊர்க்காரன் நான். ஒரே சொல்லில் என்னை எக்குவடோர்க்காரிக்குச் சகோதரனாக்கிவிட்டார் மனிதர். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

மார்த்தாவின் மகளை ஐந்து வயதில் அவள் தங்கை நியூயோர்க்குக்குக் கொண்டுபோயிருந்தாள். தாய்க்கு விசா கிடைக்கவில்லை. மாதாமாதம் கசெற் வரும். பிள்ளை ஸ்பானிஷில் பாடும், பல்லு விழுந்த கதை சொல்லும். குசினி மேசையில் கசெற் ரேடியோவை வைத்துக்கொண்டு, சிஞ்ஞோரா மணி அடிப்பதும் கேட்காமல் மார்த்தா இருப்பாள். பிறகு கசெற்றுகள் குறைந்தன. பிள்ளைக்குப் பதினொரு வயதானபோது வந்த ஒன்று முழுக்க ஆங்கிலம்.

நானோ யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் பாஸ் பண்ணியவன் என்று அந்த வீட்டில் பீற்றித் திரிந்தவன். நுணலும் தன் வாயால் கெடும். என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

விளங்காமல் போயிருக்கலாம். விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தன்னை மெக்சிக்கோக்காரி என்று பழிக்கிறார்களாம். தான் அமெரிக்கப் பிள்ளையாம். சித்தியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாளாம். நீங்கள் பேசுவது எனக்கு இப்போது விளங்குவதில்லை, இங்கே வரவேண்டாம் என்று முடித்திருந்தாள்.

மார்த்தா ஏப்ரனைக் கசக்கியபடி என் வாயையே பார்த்தாள். நாங்கள் கதைத்தது உடைந்த இத்தாலியனில். எனக்கு நினைவிருப்பது என் தமிழில்தான்.

"என்னவாம்?"

"உன்னிலை நல்ல விருப்பமாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு வாய் நீண்டுவிட்டது.

"கெதியா வா எண்டு சொல்லுறாள்."

குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பொலிஸ்காரரின் அதட்டலுக்கு நடுவே வரிசை நின்று வருடக்கணக்காகக் காப்பாற்றிய பெர்மெசோவை, இங்கே இருப்பதற்கான ஒரே கடதாசியை, விட்டுவிட்டு இரண்டு மாதத்தில் வெளிக்கிட்டாள். மெக்சிக்கோ எல்லை வழியாகப் போகிறாளாம். "போகாதை" என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். நான் சொல்லவில்லை. கோழை.

மாதங்கள் கழித்து ஒரு காலை, சிஞ்ஞோரா வீட்டுத் தொலைபேசியில் மார்த்தா, நியூயோர்க்கிலிருந்து.

"அந்தக் கசெற்றை இஞ்சை ஒராளைக் கொண்டு கேட்டனான். வா எண்டு அதிலை ஒரு சொல்லும் இல்லை."

அவளே தொடர்ந்தாள்.

"என்ரை பிள்ளை என்னை அன்ரி எண்டு கூப்பிடுறாள். எனக்குத் திரும்பி வரவும் ஏலாது."

லைன் அறுந்தது. அவள்தான் வைத்தாளா, தெரியாது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

சிஞ்ஞோரா செத்துப்போனார். அந்த வீடு இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகை அறைகள். பிள்ளை ஸ்பானிஷில் பாடிய கசெற்றுகளை, "இனி நேரிலை கேப்பன்" என்று மார்த்தா என்னிடமே தந்துவிட்டுப் போயிருந்தாள். நாடாவெல்லாம் பூஞ்சணம் பிடித்து ஒட்டிவிட்டது. அந்தப் பாட்டு இனி உலகத்தில் எங்கும் இல்லை, பாடியவளிடமும் இல்லை.

கருகிய சட்டியைக் கழுவி வைத்துவிட்டு மகளுக்கு மறுபடி எடுத்தேன்.

"பிள்ளை சொன்னதை முழுக்கச் சொன்னனியோ?"

"ஓம் அப்பா, அவ்வளவுதான்."

கெதியாகச் சொன்னாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.