முத்துலட்சுமியின் அரை மணி

கனவு காண்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர்களோடு சேர்ந்தால் கூப்பிட்டுக் கூப்பிட்டு நம் தொண்டைதான் வற்றும். முத்துலட்சுமி அந்த ரகம். அடையாறில் இறங்க வேண்டியவள், ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே திருவான்மியூர் வரைக்கும் போய்விட்டு, "அடையாறு போய்ட்ச்சா?" என்று கண்டக்டரைக் கேட்பாள்.

தொண்ணூற்றைந்தில் லஸ் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தபோது அவள் எனக்குப் பழக்கம். நான் மயிலாப்பூர், அவள் மந்தைவெளி. அவளுடைய நைனா கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார்.

அந்த நாளில் கம்ப்யூட்டர் அறைக்குக் கருவறை மரியாதை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். தூசி போனால் மெஷின் செத்துவிடும் என்று மாஸ்டர் மிரட்டி வைத்திருந்தார். உள்ளே ஏசி குளிரும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மினுக்கும். ஆளுக்கு அரை மணிதான். நேரம் ஆனதும் அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கனைப்பான். பாதி வரியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும்.

நான் என் அரை மணியில் தடதடவென்று தட்டித் தள்ளுவேன், அத்தனையும் தப்பாக. முத்து பாதி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏண்டி, நேரம் போயிண்டிருக்கு. இப்படி முழிச்சுண்டு உக்காந்திருக்கியே!" என்று கடிந்துகொள்வேன்.

"இருட்டுல கடல் மினுக்கும்ல நீரஜா, அது மாரி கீது" என்பாள்.

மெஷின் கிடைக்காத நேரத்தில் ப்ரோக்ராமைக் காகிதத்தில் எழுதி மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முத்து போட்டுக்கொண்டாள், ஆனால் ஓட்டவில்லை, நடந்தாள். அவளுக்கு ப்ரோக்ராம் என்றால் கபாலி கோயிலைச் சுற்றியிருக்கும் நாலு மாட வீதி. ஒரு வேலையைப் பத்துத் தடவை செய் என்று எழுதியிருந்தால் கோயிலைப் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தேரடியில் எண்ணிக்கை ஒன்று கூடும். நடுவில் ஒரு கேள்வி வந்தால் அது ஒரு சந்து. ஆமென்றால் திரும்பு, இல்லையென்றால் நேரே போ. மனசுக்குள் நடந்தது போதாமல் சில நாள் நிஜமாகவே நடந்துவிடுவாள். வடக்கு மாட வீதிக் காய்கறிக்காரம்மா ஒருமுறை, "இன்னாமே, அப்போலேர்ந்து சுத்திக்கினே கீற, எதுனா வேண்டுதலா?" என்று கேட்டேவிட்டாள்.

வேண்டுதல்தான். எழுந்திரு என்று யாரும் கனைக்காத ஒரு மெஷின் வேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவள் வாய்விட்டு வேறு எதையும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

படிப்பு முடிந்து மாதங்கள் ஓடின. வேலை வரவில்லை. நைனா தங்கமான மனிதர், ஆனால் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டே. "அந்தப் பொட்டி முன்னால குந்திக்கினு இன்னாத்தக் கண்ட? எங்க பட்டறைக்குப் பக்கத்து கார்மென்ட்ஸ்ல சொல்லி வச்சிகீறேன். ஒண்ணாந்தேதி போய்ச் சேந்துடு கண்ணு" என்று சொல்லிவிட்டார். முத்து தலையாட்டிவிட்டாள். ஒண்ணாந்தேதிக்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு இன்டர்வியூ. அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், எங்கள் இருவருக்கும் சேர்த்து.

கண்ணாடிக் கதவு, உள்ளே கம்பளம். வந்திருந்தவர்கள் எல்லோரும் பளபளவென்று ஷூ போட்டிருந்தார்கள். முத்து கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"போட்டுண்டே வாடி, எல்லாரும் பாக்கறா" என்று அவள் காதைக் கடித்தேன்.

"உள்ள கம்ப்யூட்டர் கீதே!" என்றாள்.

வெறுங்காலோடு அவள் கம்பளத்தில் நடந்ததைப் பார்த்து இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உள்ளே நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். மேலதிகாரி குருபிரசாத் ஒரு காகிதத்தை நீட்டி, இந்த ப்ரோக்ராம் கடைசியில் என்ன விடை தரும் என்று கேட்டிருக்கிறார். இவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பார்த்தார், பேனாவால் மேஜையைத் தட்டினார், அப்புறம் கேட்டார்: "என்னம்மா, தூங்கறீங்களா?"

"இல்ல சார், நடந்துக்கினு கீறேன்."

"எங்கே?"

"மாட வீதில சார். எட்டு சுத்துன்னு போட்டுகீறீங்க. ஆனா தேரடிக்கு வந்தா, திரும்பத் திரும்ப ஒண்ணுலேர்ந்தே எண்ணச் சொல்லுது. எட்டு வரவே வராது சார். நான் வூட்டுக்கே போவ முடியாது."

விடையே வராது என்பதுதான் விடை. அதற்காகத்தான் அவர் அந்தக் கேள்வியை வைத்திருந்தார். அவர் கண் அப்போதுதான் அவள் காலுக்குப் போனதாம்.

மாசம் முடிவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் ஆர்டர் வந்தது. எனக்கு எப்படி வந்தது என்பது அந்தக் கபாலிக்கே வெளிச்சம்.

முதல் நாள் குருபிரசாத் எங்களைப் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காரவைத்து, ஒரு சின்ன வேலையும் கொடுத்துவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம் அசைந்துகொண்டிருந்தது. நான் வழக்கம்போலத் தட்டினேன். முத்து வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு மெல்லத் தட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் சத்தம் நின்றது. திரும்பினால் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். திரையில் வரி பாதியில் நிற்கிறது.

அந்தப் பக்கமாக வந்த குருபிரசாத், "ஏம்மா நிக்கறீங்க? மெஷின் ரிப்பேரா?" என்றார்.

"அரை மணி ஆய்ட்ச்சு சார். அடுத்தவங்க வருவாங்கல்ல?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் தணிந்துவிட்டது. "அடுத்தவங்க யாரும் இல்லம்மா. இது உங்க மெஷின்."

"நாள் பூராவுமா சார்?"

"நாள் பூராவும். நாளைக்கும்."

அவர் போன பிறகும் அவள் உட்காரவில்லை. நான் எழுந்துபோய்த் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே பொலபொலவென்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து, அவசரமே இல்லாமல் தட்ட ஆரம்பித்தாள்.