நிறைந்தே திரும்பிய பாட்டில்

அம்மா திருப்பாதிரிப்புலியூரில் தெருவோரம் இருபது வருடம் காய்கறி விற்றாள். விடியற்காலையில் அவள் சிதம்பரத்தில் ரயில் ஏறும்போது நான் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்புவேன். சாயங்காலம் அது அப்படியே திரும்பி வரும். எனக்குக் கோபம் வரும்.

"அந்த வெயில்ல உக்காந்துட்டு ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டியா?"

"குடிச்சா எங்கடி ஒதுங்கறது? அங்க ஏது பாத்ரூம்?"

அந்தத் தெருவில் கடை போட்ட பெண்கள் எல்லாரும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொம்பைத் தொடுவார்கள். நீர்க்கடுப்பு வந்தால் சூடு என்று சொல்லி, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு மறுநாளும் ரயில் ஏறுவார்கள். படித்தவள் நான், நானும் சூடு என்றே நம்பினேன். எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்ததே நான்தான்.

அந்தக் காய்கறி வியாபாரத்தில் வந்த காசில்தான் டிகிரி முடித்தேன், கடலூரில் வேலைக்குச் சேர்ந்தேன். இனி நீ வீட்டில் இரு என்று நான் சொன்ன வருடமே அவளுடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. வருடக்கணக்கில் வைத்தியம் பார்க்காமல் விட்ட நீர்க்கடுப்பு என்றார் டாக்டர். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கூடப் போக வேறு ஆள் இல்லை, வேலையை விட்டேன். தலையெடுத்துவிட்டோம் என்று நினைத்த வீடு, பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

குடிப்பது உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், தண்ணீரை இப்போது அளந்துதான் கொடுக்க வேண்டும். நேற்று மத்தியானம் நான் சொம்பை எட்ட எடுத்து வைத்தபோது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வாய் குடுடி. இப்பதான் பக்கத்துலயே பாத்ரூம் இருக்கே."